இடுப்புக் கயிறு

— அத மொதல்ல கீழ வைங்க மாமா. அது நாய்க்குப் போடுற வாய்மூடி. கீழ இருக்குற உங்க வீட்டு ஓனர் சொன்னாரேன்னு வாங்கினேன். போட்டே ஆகணும்னு இல்ல.

— போட மாட்டேன்.

— சரி, போட வேணாம். ஒரு ஓரமா இருக்கட்டும்.

— இருக்கவும் வேணாம். பையிலயே போடு.

— போட்டாச்சு. அடியில தள்ளியாச்சு. போதுமா? அந்தக் கடைக்கார அம்மா என்னைப் பாடாப் படுத்திட்டாங்க மாமா. நாய் எத்தனை கிலோ, கழுத்து என்ன அளவு, மாரு என்ன அளவுன்னு ஒரே கேள்வி. நான் காத்தக் கட்டிப்பிடிச்சுக் காட்டுறேன், "இவ்ளோ இருக்கும்"னு. "அப்படியே நில்லுங்க"ன்னு சொல்லிட்டு என் கைக்குள்ள டேப்ப விட்டு அளந்துட்டாங்க. கடையில எல்லாரும் பாக்குறாங்க.

— என்னைக் கேட்டிருக்கலாம்.

— கேக்காமலா? எத்தனை தடவ அடிச்சேன். ஃபோன் எங்க?

— தெரியல. சார்ஜ் இல்லாம எங்கயாவது கெடக்கும்.

— நல்லா இருக்கு. எங்க நம்ம வக்கீல்?

— கட்டிலுக்கு அடியில.

— வெளிய வாங்க வக்கீல் சார். இன்னிக்கு உங்க கேஸுக்குத் தீர்ப்பு. அட, வால் மட்டும் ஆடுது, ஆளு வர மாட்டேங்குது. உலகத்துலயே நாய்க்கு வக்கீல்னு பேர் வச்சவ எங்கக்கா ஒருத்திதான்.

— குட்டியா இருந்தப்ப ஒரு வார்த்தை திட்டினா ஒம்பது தடவ திருப்பிக் குரைக்கும். அதனால வச்சா.

— வந்துட்டான், வந்துட்டான். ஐயோ, எளைச்சுப் போயிட்டானே. ரெண்டு பேருமே எளைச்சுட்டீங்க. வீட்டுக்காரர் எப்ப வர்றேன்னாரு?

— இருட்டறதுக்கு முன்னாடி. நேரம் சொல்ல மாட்டாராம். யாரோ வெளியாள் மாதிரி படியேறி வந்து மணியடிப்பாராம். நாய் அதோட எடத்துலயே கெடந்தா வச்சுக்கலாம்.

— இல்லன்னா?

— காலையில வண்டி வருது. ஊருக்கு வெளிய எங்கயோ நாய்ங்கள வச்சுப் பாத்துக்குறாங்களாம். அவரே பேசி வச்சுட்டாரு.

— அதுக்குள்ளயா? அப்படி என்ன தலை போற அவசரம்?

— தலை போகல. கால் போச்சு. அவர் கால்ல இன்னும் கட்டு இருக்கு.

— இந்த நாய் அவரக் கடிக்கல, கீறல, மேல விழக்கூட இல்ல. மணியடிச்சாரு, கதவு திடுதிப்புன்னு தொறந்துச்சு, அவரா பயந்து பின்னால போயி படியில கால விட்டுட்டாரு. அதுக்கு இவனுக்குத் தண்டனையா?

— கதவு தொறந்தப்ப இது வாசல்ல நின்னுச்சு. குரைச்சுச்சு. போன மாசம் சிலிண்டர் போடுறவர், அதுக்கு முன்னாடி மேல் வீட்டு அம்மா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. மணியடிச்சா பாயுது.

— சரி, ஒப்பாரி வச்சு என்ன ஆகப் போவுது. வகுப்ப ஆரம்பிப்போம். மூணு வயசுப் பிள்ளைங்கள ஒரு கூட்டமா ஒரே பாயில உக்கார வைக்கிறவ நான். ஒத்த நாய உக்கார வைக்க மாட்டேனா?

— அதுங்க கடிக்காது.

— யாரு சொன்னா? இந்தத் தழும்பப் பாருங்க. இது போன வருஷத்து எல்கேஜி.

— ம்.

— சிரிச்சா முத்து உதிராது மாமா. சரி, இது மாருல மாட்டுற பட்டை. கழுத்துல மட்டும் பெல்ட்டு போட்டு இழுத்தா மூச்சு முட்டுமாம், இதுல இழுத்தா முட்டாதாம். காலத் தூக்குங்க வக்கீல் சார், கோட்டு போட்டுக்கோங்க. மாமா, அந்தக் கிளிப்ப மாட்டுங்க.

— மாட்டுறேன்.

— ஏன் கை இப்படி நடுங்குது?

— ஒண்ணுமில்ல.

— சாப்டீங்களா?

— சாப்ட்டேன்.

— என்ன சாப்டீங்க?

— பிஸ்கட்.

— எது? இந்த டப்பாவுல இருக்கே, இதுவா? மாமா, இது நாய் பிஸ்கட்.

— தெரியும். அதான் கையில கெடச்சுது.

— சாமி. அத்தை எனக்கு ஃபோன் பண்ணாம என்ன பண்ணுவாங்க. நேத்துக்கூட உங்கம்மா ஒரே அழுகை. "நாய எங்கயாவது விட்டுட்டு, வீட்டக் காலி பண்ணிட்டு எங்ககூட வந்து இருக்கச் சொல்லு, நீ சொன்னா கேப்பான்"னு.

— நீ என்ன சொன்ன?

— "யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு அத்தை"ன்னு சொன்னேன். நீங்க கேப்பீங்களா?

— இல்ல.

— அது போனா நீங்களும் போவீங்களா?

— இது போனா இங்க என்ன இருக்கு.

— மாமா.

— அந்த டிக்கு டிக்கு என்னது?

— கிளிக்கர். சொன்னத செஞ்சுச்சுன்னா அந்த நொடியே இத ஒரு அழுத்து. டிக்! உடனே ஒரு துண்டு பிஸ்கட். சத்தம் வந்தா பலகாரம் வரும்னு அதுக்குப் பதிஞ்சுடுமாம்.

— உங்கக்கா இதெல்லாம் வாங்கல. நாக்காலயே பண்ணுவா.

— எப்படி? டொக்! இப்படியா?

— அதேதான்.

— எங்க வீட்டுல எல்லாருக்கும் வரும். எங்கப்பா அப்படித்தான் எங்களச் சாப்பிடக் கூப்பிடுவாரு. பாருங்க, பாருங்க, காத தூக்கிட்டான். டொக்! தலையச் சாய்க்கிறான் பாருங்க மாமா.

— எனக்கு வராது. முயற்சி பண்ணேன்.

— அதுக்குத்தான் மிஷின். பிடிங்க. இதோட பாய் எங்க?

— செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல. அங்கதான் போட்டா அவ. "எடத்துக்குப் போ"ன்னா போயிப் படுக்கும். மணியடிச்சாலும் எழுந்திருக்காது. அப்படிப் பழக்கி வச்சிருந்தா.

— மணியடிச்சா எழுந்திருக்காதா? அப்ப இப்ப ஏன் ஓடுது?

— அவ இல்லையே.

— ம்… இந்தச் செருப்பு அக்காவோடதுதானே. எடுத்து உள்ள வைக்கட்டுமா?

— இருக்கட்டும்.

— சரி. பிஸ்கட் போட்டுக்க ஒரு பையும் வாங்கினேன். பெல்ட்டுல மாட்டிக்கிட்டா… அட, கதவுக்குப் பின்னால ஆணியில ஒண்ணு தொங்குதே.

— அத எடுக்காத.

— எடுக்கல.

— அது அவளோடது. உள்ள இன்னும் இருக்கு, அவ போட்ட பிஸ்கட்.

— மாமா, அது பூத்துப் போயிருக்கும்.

— பாக்கல.

— தொறந்து பாக்கட்டுமா? … ஐயோ. பச்சையா படர்ந்துடுச்சு. எறும்பு வேற.

— குடு. நான் கழுவிட்டு வர்றேன்.

— அப்புறம் கழுவலாம். மொதல்ல ஒத்திகை. நான் வெளிய போயி மணியடிக்கிறேன். நீங்க கயித்தக் கையில பிடிச்சுட்டு பாய் பக்கத்துல நில்லுங்க. அது எழுந்திருக்காம இருந்தா டிக், பிஸ்கட். எழுந்தா "எடத்துக்குப் போ". அவ்வளவுதான். கதவச் சாத்திக்கிறேன். தாழ்ப்பாள் போடுங்க.

— போட்டாச்சு.

— கேக்குதா மாமா? நான் படியில நிக்கிறேன். ரெடியா?

— ம்.

— அடிக்கிறேன்… என்ன மாமா இது! நான் மணியிலேருந்து விரலக்கூட எடுக்கல, அதுக்குள்ள ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறீங்க!

— இழுத்துட்டு வந்துடுச்சு.

— கதவ யாரு தொறந்தா?

— நான்தான். அது கதவப் பிறாண்டுமேன்னு.

— பிறாண்டட்டும், பரவால்ல, கதவத் தொறக்காதீங்க. வக்கீலு, மூச்சு வாங்குது பாரு உனக்கு. நாக்கு தரையத் தொடுது. ஒண்ணுமில்ல, நான்தான், சித்தி. உள்ள போ. இன்னொரு தடவ பண்ணுவோம். கயித்தக் கையில ஒரு சுத்து சுத்திக்கோங்க, அப்ப இழுக்காது.

— சுத்திக்கிட்டேன்.

— பாயில நாலு துண்டு பிஸ்கட் போட்டிருக்கேன். அத விட்டுட்டு எந்த நாயும் வராது. அடிக்கிறேன்… அடப் போங்க மாமா! மறுபடியுமா?

— வேகமா வந்துடுச்சு.

— கிளிக்கர் எங்க?

— கையிலதான்… கீழ விழுந்திருக்கும்.

— நடு ஹால்ல கெடக்கு. உங்க ஆபீஸ் வரைபடமெல்லாம் மேசையிலேருந்து சரிஞ்சு கெடக்கு. நாற்காலி சாஞ்சு கெடக்கு. இவனப் பாருங்க, வாயில இன்னும் ஒரு துண்டு பிஸ்கட்டு மெல்லாம இருக்கு. தின்னுட்டு இருந்தவன் பாதியில எழுந்து வந்திருக்கான். என்ன அப்படி ஒரு வேகம் உனக்கு?

— சொன்னேனே. மணியடிச்சா இப்படித்தான்.

— உங்க கையக் காட்டுங்க. கயிறு அறுத்து வச்சிருக்கு. வலிக்கலையா?

— வலிக்கல.

— செவசெவன்னு இருக்கு, வலிக்கலையாம். போயி கையக் கழுவுங்க. முகத்தையும் கழுவுங்க. அந்தப் பையையும் எடுத்துட்டுப் போங்க, சோப்புத் தண்ணியில ஊறட்டும். நான் இவன்கிட்ட தனியாப் பேசுறேன்.

— கதவத் தொறந்து வைக்காத.

— மாட்டேன், போங்க. குழாய நல்லாத் தொறந்து விட்டுக் கழுவுங்க… வக்கீல் சார், இங்க வாங்க. டொக்! எடத்துக்குப் போ. ஆஹா. படு. எவ்வளவு அழகாப் படுக்கிற. இத்தனை ஒழுங்கு என் வகுப்புல ஒருத்தனுக்கு இருந்தா நான் ஏன் கத்தப் போறேன்? இங்க பாரு, நீ ஓடினா உன்னை அனுப்பிடுவாங்க. நீ போனா அவரு நாய் பிஸ்கட்டுக்கூடத் தின்ன மாட்டாரு. புரியுதா? நான் ஹாஸ்டல்ல இருக்கேன்டா, அங்க பூனைப் படம் ஒட்டினாலே திட்டுறாங்க. உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாது. அதனால… இரு. யாரு இது இப்ப? இரு வக்கீலு. டொக்! இரு, இரு… மாமா! மாமா, குழாய நிறுத்திட்டு வாங்க! ஓடி வாங்க!

— என்ன ஆச்சு? கடிச்சுடுச்சா?

— அசையல மாமா! கூரியர்காரர் வந்து மணியடிச்சாரு. நான் போயி கதவத் தொறந்து, கையெழுத்து போட்டு, இந்தக் கவர வாங்கி, கதவச் சாத்துற வரைக்கும் பாயிலயே படுத்திருக்கு! தலையக்கூடத் தூக்கல.

— மணியடிச்சாரா?

— ரெண்டு தடவ அடிச்சாரு. உங்களுக்குக் கேக்கலையா?

— குழாய் ஓடுச்சு. கேக்கல.

— பிஸ்கட் வேலை செய்யுது மாமா. பட்டை மாட்டினதுல ஒரு அடக்கம் வந்துடுச்சு பாருங்க. நான்தான் சொன்னேனே, சாமான் சரியா இருந்தா எல்லாம் சரியாகும்னு.

— நான் பாக்கலையே.

— நான் பாத்தேனே, போதாதா? ஏன் உங்க முகம் இப்படிப் போகுது?

— நெசமாவே யாரும் இல்லையா? கூரியர்காரர் மட்டும்தானா?

— வேற யாரு வருவா?

— யாருமில்ல. சும்மா கேட்டேன்.

— உக்காருங்க. இந்தக் கவர் உங்க ஆபீஸ்லேருந்து. பிரிக்கிறீங்களா? வேணாமா? சரி, அங்க பிரிக்காமக் கெடக்குற கவருங்களோட இதையும் வைக்கிறேன். மாமா, நான் ஒண்ணு கேக்கவா?

— கேளு.

— இது வீட்டுக்காரர்மேல இருக்குற கோபமா இருக்குமோ? அன்னிக்கு அவர்தானே வந்து சொன்னாரு.

— எது?

— அக்கா போயிட்ட விஷயம். போலீஸ்காரர் கீழ் வீட்டுலதான் விசாரிச்சிருக்காரு. அவரு, "நானே போயி சொல்றேன்"னு மேல வந்து மணியடிச்சிருக்காரு. அக்கா வர்ற நேரம்.

— ம்.

— நாய்க்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கும்னு சொல்றாங்க. அவர் வந்தாரு, அதுலேருந்து அக்கா வரல. அவர்தான் ஏதோ பண்ணிட்டாருன்னு நெனச்சிருக்கும்.

— அப்படி இல்ல.

— பின்ன எப்படி?

— உங்கக்கா சாவிய எடுக்கவே மாட்டா. பையோட அடியில கெடக்கும். மேல குடை, டப்பா, கண்ணாடி துடைக்கிற துணி, இதுக்கு வாங்கின எலும்பு. தேடுறதுக்கு அலுப்பு. கை ரெண்டுலயும் சாமானோட முழங்கையால மணிய அழுத்திட்டு நிப்பா. தெனமும். நான் அடுப்ப அணைச்சுட்டு ஓடணும்.

— தெரியும். எங்க வீட்டுலயும் அப்படித்தான் நிப்பா. எங்கம்மா திட்டுவாங்க.

— அதனால மணின்னா அவதான். இதுக்கு அப்படித்தான். யாரு அடிச்சாலும் அவதான் வந்துட்டான்னு எழுந்து ஓடுது. கதவத் தொறந்தா வேற யாரோ நிக்கிறாங்க. குரைக்குது. அதுக்கு யாரு சொல்லிப் புரிய வைக்கிறது?

— ஐயோ மாமா.

— நான் சொல்லிப் பாத்தேன். "அவ வர மாட்டா"ன்னு. இது என் மூஞ்சியையே பாக்குது.

— அப்ப கூரியர்காரருக்கு ஏன் ஓடல?

— தெரியல.

— வீட்டுக்காரர் என்கிட்ட ஒண்ணு சொன்னாரு. சொல்லட்டுமா?

— சொல்லு.

— அன்னிக்கு அவர் மணியடிச்சதும் நீங்க, "மறுபடி சாவிய எங்க போட்ட?"ன்னு கேட்டுக்கிட்டேதான் கதவத் தொறந்தீங்களாம். சிரிச்சுக்கிட்டே. அந்தச் சிரிப்பப் பாத்ததும் அவருக்கு வாயே வரலையாம். இப்பவும் படி ஏறும்போது அதுதான் காதுல கேக்குதாம்.

— ஞாபகமில்ல.

— அவரு கெட்டவர் இல்ல மாமா. வயசாச்சு, கால் ஒடியப் பாத்துச்சு, பயப்படுறாரு.

— நான் அவர ஒண்ணும் சொல்லல.

— எனக்கு ஒரு யோசனை. இன்னிக்கு ஒரு நாள் தாண்டிட்டா, அதுக்கப்புறம் இந்த மணியே வேணாம். பேட்டரியக் கழட்டிடுவோம். வர்றவங்க கதவத் தட்டட்டும். மணி இல்லன்னா இவன் ஏன் ஓடப் போறான்? இது ஏன் நமக்குத் தோணாமப் போச்சு! நாற்காலி குடுங்க, எட்டிப் பாக்குறேன்.

— பேட்டரியத் தொடாத.

— இன்னிக்கு இல்ல மாமா, அப்புறமா.

— அப்புறமும் வேணாம். போன வாரம்தான் புதுசு போட்டேன்.

— மணிக்கா?

— ஆமா. சத்தம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்துச்சு. கேக்காமப் போயிடக் கூடாதே.

— மாமா… சுவர்க் கடிகாரம் நின்னு கெடக்கு. ரிமோட் வேலை செய்யல. சமையக்கட்டு லைட்டு எரியல, நான் ஃபோன் வெளிச்சத்துல தம்ளரத் தேடினேன். மணிக்கு மட்டும் புது பேட்டரியா?

— அது வேற.

— என்ன வேற?

— வெளிச்சம் போகுது. அவர் வந்துடுவாரு. அந்தப் பையில இன்னும் என்ன இருக்கு?

— பேச்ச மாத்துங்க. இது கடிக்கிற ரப்பரு. உள்ள ஓட்டைக்குள்ள பிஸ்கட்ட அடைச்சுக் குடுத்தா அத எடுக்கிற வேலையிலயே இருக்குமாம். கூண்டு ஒண்ணும் காட்டுனாங்க. பெரிசு. நானே உள்ள போயிப் படுத்துக்கலாம். ஹாஸ்டல விட வசதியா இருந்துச்சு.

— கூண்டு வேணாம்.

— வாங்கலையே. அப்புறம் இது. இதத்தான் அந்தக் கடைக்கார அம்மா அடிச்சுச் சொன்னாங்க. இடுப்புல கட்டுற கயிறு.

— நாய்க்கா?

— உங்களுக்கு. காலையில நாயோட ஓடுறாங்களே, அவங்க கட்டிக்கிறதாம். ஒரு முனை உங்க இடுப்புல, இன்னொரு முனை இதோட பட்டையில. உங்க கை நடுங்குதில்ல, கயிறு கை நழுவிப் போறதுக்கே வழியில்ல. நடுவுல ரப்பர் மாதிரி நீளும். ஒரு சுண்டு சுண்டினாலும் உடனே தெரிஞ்சுடும்.

— இதுல ஒரு ஒத்திகை பாப்போம்.

— பாக்கலாம். நான் வெளிய போறேன், நீங்க… மாமா, இருங்க. படியில சத்தம்.

— தடி ஊனுற சத்தம்.

— வந்துட்டாரா? ஐயோ, ஒத்திகையே பாக்கலையே. நிமிருங்க. கையத் தூக்குங்க. ஏன் மாமா இப்படி எலும்பா இருக்கீங்க, கடைசி ஓட்டையில போட்டாலும் தொளதொளங்குது. சரி, நிக்கும். கொக்கி எங்க… இந்த முனை இவனுக்கு. மாட்டியாச்சு.

— நான் எங்க நிக்கட்டும்?

— நிக்க வேணாம், அந்த நாற்காலியில உக்காருங்க. கெட்டியா உக்காருங்க, நங்கூரம் மாதிரி. நான் பாயிலயே இவன் பக்கத்துல உக்காந்துக்கறேன். அவர் மணியடிப்பாரு. நாம யாரும் அசையக் கூடாது. அவரா குரல் குடுத்த பிறகு நான் எழுந்து தொறக்கிறேன். சரியா?

— சரி.

— டொக். எடத்துக்குப் போ. படு… நல்ல பிள்ளை. எங்க தங்கம். தலைய என் மடியில வச்சுக்கோ.

— குட்டி.

— என்ன மாமா? மெதுவாப் பேசுங்க.

— அது ஓடிட்டா?

— ஓடாது.

— ஓடிட்டா நான் பிடிப்பேனான்னு தெரியல.

— மூச்ச விடுங்க. இழுத்து, மெதுவா விடுங்க. என் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்றேன், மெழுகுவத்திய ஊதுற மாதிரி.

— காலையில வண்டி வரக் கூடாது.

— வராது.

— இந்தப் பாய் காலியாக் கெடக்குறத நான் பாக்கக் கூடாது.

— உஷ். மேல வந்துட்டாரு. நிக்கிறாரு. மூச்சு வாங்குறாரு… இப்ப அடிப்பாரு. இரு வக்கீலு. இரு. சத்தம் வருது, வரட்டும், நமக்கென்ன. டொக். இரு… இரு…

— பாருங்க தம்பி, நான்தான் கீழ் வீடு. மணியடிச்சாச்சு. நானும் மனசாற வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன், அது எழுந்து வரக் கூடாதுன்னு. ஆனா எனக்கு நல்லாக் கேக்குதே. உள்ள தடதடன்னு ஓடி வர்ற சத்தம் கேக்குது. நாற்காலி விழுந்துச்சு. இதோ, தாழ்ப்பாளப் போட்டு உலுக்குது. பாருங்க தம்பி, இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்? கதவத் தொறக்காதீங்க. நான் இறங்கிப் போயி வண்டிக்காரருக்குச் சொல்லிடறேன்.

— போகாதீங்க சார்! நில்லுங்க! நாய் இங்க பாயிலதான் சார் இருக்கு, என் மடியில தலைய வச்சுப் படுத்திருக்கு… மாமா, தாழ்ப்பாள விட்டுட்டு வந்து உக்காருங்க. கயித்த இழுக்கறது நீங்கதான்.